அடி வாங்கியவர்தான் வீட்டைவிட்டுப் போக வேண்டுமா?

வேண்டாம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் வாழ்ந்த வீட்டிலேயே, அடிபடாமல் வாழ உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையை எங்கே போய், யாரிடம், எப்படிக் கேட்பது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது எனக்கு மட்டும் நடக்கிறதா?

இல்லை. 2019-21-இல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்தியா முழுவதற்கும் அது 29. ஆனால் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டுப் போனவர்கள் நூற்றுக்குச் சுமார் 14 பேர்தான். உங்கள் தெருவிலேயே இன்னும் பலர் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள் என்றுதான் இதற்குப் பொருள்.

எந்தச் சட்டம் எனக்கு உதவும்?

2005-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பும் கணவரின் கொடுமைக்குத் தண்டனை தரும் சட்டம் இருந்தது. ஆனால் புகார் கொடுத்துவிட்டு அன்று இரவு எங்கே படுப்பது, பிள்ளைகளுக்கு எதைப் போடுவது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அந்தக் கேள்விக்காகவே வந்ததுதான் 2005-ஆம் ஆண்டுச் சட்டம்.

அவர் கை நீட்டுவதில்லை, வாயால்தான் கொல்கிறார். அதுவும் வன்முறையா?

ஆமாம். சட்டம் நான்கு வகை சொல்கிறது. ஒன்று, உடல்: அடி, உதை, தள்ளிவிடுவது. இரண்டு, பாலியல் வன்முறை. மூன்று, சொல்லாலும் மனத்தாலும் வதைப்பது. பிள்ளை இல்லை, ஆண் பிள்ளை பெறவில்லை என்று இழிவுபடுத்துவதைச் சட்டமே எடுத்துச் சொல்கிறது. நான்காவது, பணத்தால் நெருக்குவது: வீட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் இருப்பது, உங்கள் நகையை விற்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது. வரதட்சணை கேட்டுத் துன்புறுத்துவதும் இதில் அடங்கும்.

மனைவி மட்டும்தான் கேட்க முடியுமா?

ஒரே வீட்டில் வாழ்கிற அல்லது வாழ்ந்த தாய், மகள், அக்கா, தங்கை, கணவரை இழந்தவர் என எந்தப் பெண்ணும் கேட்கலாம். தாலி கட்டாமல் கணவன் மனைவியாகவே சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் இடமுண்டு. யார்மீது புகார் சொல்லலாம் என்பதில் முன்பு ‘வயதுவந்த ஆண்’ என்ற கட்டுப்பாடு இருந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. எனவே மாமியார், நாத்தனார் மீதும் கேட்கலாம்.

புகார் கொடுத்தால் அவரைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களே?

பல பெண்களின் வாயை அடைப்பது இந்தப் பயம்தான். “பிள்ளைகளோட அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பிட்டேன்னு ஊர் பேசுமே” என்பார்கள். இரண்டு வழிகள் இருக்கின்றன, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீங்கள் கேட்பது பாதுகாப்பு, இருப்பிடம், செலவுக்குப் பணம். இதற்காக யாரையும் சிறைக்கு அனுப்புவதில்லை. நீதிமன்ற உத்தரவை அவர் மீறினால்தான் சிறை என்ற பேச்சு வரும்.

மற்றொன்று குற்ற வழக்கு. கணவரின் கொடுமைக்குத் தண்டனை தந்த பழைய 498-ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவாக இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அதிலும்கூட எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, தேவை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என 2014-இல் உச்ச நீதிமன்றம் காவல்துறைக்கு அறிவுறுத்தியது. ஒரு வழியை மட்டும் எடுக்கலாம், இரண்டையும் எடுக்கலாம். முடிவு உங்களுடையது.

வீடு மாமியார் பெயரில் இருக்கிறதே?

இருக்கட்டும். நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடு சட்டத்தின் பார்வையில் ‘பகிர்ந்து வாழ்ந்த வீடு’ (இரு தரப்பும் சேர்ந்து குடியிருந்த வீடு). பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், வாடகை வீடாகவே இருந்தாலும், அதில் குடியிருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடும் இதில் சேரும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இதனால் வீடு உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. ஆனால் முறைப்படி நீதிமன்றம் போகாமல் உங்களைத் தெருவில் தள்ள யாராலும் முடியாது.

முதலில் யாரைக் கூப்பிடுவது?

இந்த நிமிடம் உயிருக்கு ஆபத்து என்றால் 112. காவல்துறை வரும். ஆபத்து தணிந்திருக்கிறது, என்ன செய்வதென்று கேட்க வேண்டும் என்றால் 181. இது பெண்களுக்கான உதவி எண். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் போனை அவர் எடுத்துப் பார்ப்பார் என்றால், பேசி முடித்ததும் அந்த எண்ணை அழித்துவிடுங்கள். அதைவிட நல்லது, பக்கத்து வீட்டு போனிலோ வேலை செய்யும் இடத்திலோ பேசுவது.

நேரில் போவதென்றால்?

ஒவ்வொரு மாவட்டத்திலும் சமூக நல அலுவலகத்தில் ஒரு பாதுகாப்பு அலுவலர் (இந்தச் சட்டத்தின்படி உங்களுக்கு உதவவே அரசு அமர்த்தியவர்) இருக்கிறார். பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலோ அதை ஒட்டியோ அலுவலகம் இருக்கும். நீங்கள் சொல்வதைக் கேட்டு அவர் ‘குடும்ப நிகழ்வு அறிக்கை’ (நடந்ததைப் பதிவுசெய்யும் அரசுப் படிவம்) எழுதுவார். அதை நீதிமன்றத்துக்கு அனுப்புவதும் மனு போட உதவுவதும் அவர் வேலை.

“தேதி எல்லாம் எனக்கு ஞாபகம் இல்லையே” என்ற தயக்கம் பலருக்கும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குத் துணையாக அப்படியொரு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். “கடைசியா எப்பம்மா அடிச்சாரு?” என்று அலுவலர் கேட்டார். “தேதி தெரியலீங்க மேடம்” என்ற அந்தப் பெண், மடியில் இருந்த மஞ்சள் பையைத் திருகிக்கொண்டே இருந்தார். அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். “அன்னைக்கு வீட்டுல வேற என்ன நடந்துச்சு, மெதுவா யோசிச்சுப் பாருங்க.” கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார்: “மறுநாள் பாப்பாவுக்கு அரைப்பரீட்சைங்க. கணக்கு. நோட்டைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டாரு.” பரீட்சை அட்டவணையைப் பார்த்துத் தேதியைக் குறித்துக்கொண்டார் அலுவலர்.

உங்களுக்கும் இப்படித்தான் நினைவிருக்கும். தீபாவளிக்கு முதல் நாள், தம்பி கல்யாணத்துக்குப் போய்வந்த இரவு, கேஸ் தீர்ந்த அன்று. அப்படியே சொல்லுங்கள், போதும்.

இன்று இரவு தங்க இடமில்லை. எங்கே போவேன்?

ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. ‘சகி’ மையம் என்றும் சொல்வார்கள். மத்திய அரசின் திட்டமாக 2015-இல் தொடங்கியது. பெரும்பாலும் அரசு மருத்துவமனையிலோ அதற்கு அருகிலோ இருக்கும். மருத்துவம், காவல்துறை உதவி, சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை, தற்காலிகத் தங்கல் ஆகிய ஐந்தும் ஒரே இடத்தில் கிடைக்கும். சின்னப் பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு ஐந்து நாள் வரை தங்கலாம். அதற்கு மேல் தேவையென்றால் அவர்களே அரசு அல்லது தொண்டு நிறுவன இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்வார்கள். மையம் எங்கே என்று தெரியாவிட்டால் 181-ஐக் கேளுங்கள்.

காயம் பட்டிருந்தால்?

முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். “படியில் விழுந்துட்டேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். யார், எதனால் அடித்தார் என்று உள்ளதைச் சொல்லுங்கள். டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். அந்தச் சீட்டைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். பின்னால் நீதிமன்றத்தில் அந்த ஒரு தாள் பத்து சாட்சிக்குச் சமம். காயத்தைப் போட்டோ எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

ஸ்டேஷனில் “சமாதானமாப் போம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டால்?

தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. இன்று மாநிலம் முழுக்க மகளிர் நிலையங்கள் இருக்கின்றன. அங்கும் இந்தப் பேச்சைக் கேட்க நேரலாம். கலங்க வேண்டாம். புகாரை எழுத்தில் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கியதற்கான பதிவுச் சீட்டு) கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போட்டால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். புகாரையே வாங்க மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்.

அங்கே எழுதித் தரும் எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் துணைக்கு ஆள் வரட்டும் என்று சொல்லுங்கள். இந்தச் சட்டத்தின்படி உங்களுக்கு உள்ள உரிமைகளை எடுத்துச் சொல்வது காவலரின் கடமை.

நீதிமன்றம் எனக்கு என்ன தரும்?

குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்பு மனு போக வேண்டும். நீங்கள் இப்போது தாய்வீட்டில் இருந்தால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம். அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

உங்களைத் தொடக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது, போன் செய்து மிரட்டக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு போடலாம். உங்களை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று உத்தரவிடலாம். தேவைப்பட்டால் அவரையே வெளியேறச் சொல்லலாம், அல்லது உங்களுக்கு வேறு வீடு பார்த்து வாடகை கட்டச் சொல்லலாம். வீட்டுச் செலவு, மருத்துவச் செலவு, பிள்ளைகளின் செலவு, பட்ட வேதனைக்கு இழப்பீடு, பிள்ளைகளைத் தற்காலிகமாக உங்களிடம் வைத்துக்கொள்ளும் உரிமை, தாய்வீட்டுச் சீராக வந்த நகையும் பாத்திரமும் திரும்பக் கிடைப்பது, எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். அவசரம் என்றால், அவர் தரப்பைக் கேட்பதற்கு முன்பே இடைக்கால உத்தரவு (வழக்கு முடியும்வரைக்கான உத்தரவு) போட நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது.

இதற்கெல்லாம் எத்தனை நாள் ஆகும்?

மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். உண்மையில் பல வழக்குகள் இதைவிட நெடுநாள் இழுக்கின்றன. அதனால்தான் சொல்கிறேன், முதல் மனுவிலேயே இடைக்கால உத்தரவையும் சேர்த்துக் கேளுங்கள். வழக்கு இழுத்தாலும் உங்கள் தலைக்கு மேல் கூரை இருக்கும்.

உத்தரவை அவர் மதிக்காவிட்டால்?

பாதுகாப்பு உத்தரவை மீறுவது குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவல்துறை வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். உத்தரவின் நகல் உங்களுக்கு இலவசம். அதை எப்போதும் கையோடு வைத்திருங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை. விஷயம் நடந்தும் நாளாகிவிட்டது. விட்டுவிட வேண்டியதுதானா?

விட வேண்டாம். பெண்ணாக இருப்பதே போதும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி பெற உங்களுக்குத் தகுதி இருக்கிறது. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். நாளானதைப் பற்றியும் கவலை வேண்டாம். இந்தச் சட்டப்படி நிவாரணம் கேட்கும் மனுவுக்கு ஓராண்டுக் கெடு பொருந்தாது என்று 2022-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இன்றே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. ஒரு பை தயார் செய்யுங்கள். ஆதார், ரேஷன் கார்டு நகல், பேங்க் பாஸ்புக், கல்யாணப் பத்திரிகை, ஒரு கல்யாண போட்டோ, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, நகை வாங்கிய பில், மருத்துவச் சீட்டுகள், தினமும் சாப்பிடும் மாத்திரை, கொஞ்சம் பணம். அதை வீட்டில் வைக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

நான் பக்கத்து வீட்டுக்காரர். அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடலாமா?

தலையிடுங்கள். வன்முறை நடக்கிறது, நடக்கப்போகிறது என்று தெரிந்த யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது எந்த வழக்கும் வராது என்று சட்டமே உறுதி தருகிறது. ராத்திரி சத்தம் கேட்டால் டி.வி. சத்தத்தைக் கூட்டாதீர்கள். 112-ஐக் கூப்பிடுங்கள். மறுநாள் அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்தால், “ஏன் பொறுத்துக்கிட்டு இருக்கே?” என்று மட்டும் கேட்காதீர்கள். “பையை எங்க வீட்டுல வச்சிக்கம்மா” என்று சொல்லுங்கள்.

நான் துணைக்குப் போன அந்தப் பெண்ணின் மஞ்சள் பையும் எட்டு மாதம் எதிர்வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால்தான் இருந்தது. அந்த வீட்டு அம்மா அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.