விற்ற புஞ்சையில் விதைப்பு

ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை. பொழுது சாயும் நேரம். தாத்தா எழுந்து துண்டை உதறித் தோளில் போடுகிறார். "மழை இறங்கிருச்சு, உளுந்து விதைக்கணும்." வெளியே சித்திரை வெயில். புஞ்சையை விற்றுப் பத்து வருடம் ஆகிறது.

"அதைத்தான் வித்தாச்சே" என்றால் சண்டைதான் வரும். அவர் பொய் சொல்லவில்லை. அல்சைமர் வகை மறதி நோய், புதிய நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியைத் தொடக்கத்திலேயே தாக்கிவிடும். நேற்று நடந்தது நிற்காது. நாற்பது வருடம் விதைத்தது நெடுநாள் அழியாமல் கிடக்கும். "ஈரம் எப்படி மாமா இருக்கு? காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று மருமகள் கேட்டால், விதைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே அவர் திண்ணையில் உட்கார்ந்துவிடவும் கூடும். அந்தி நேரத்தில் இந்தத் தவிப்பு பலருக்குக் கூடும். விளக்கைச் சீக்கிரமே போட்டுவிடுங்கள்.

ஆச்சிக்கு வந்தால் வேறு பாட்டு. "சுருக்குப்பையை மருமக எடுத்துட்டா." ஒளித்து வைத்தது அவரேதான், இடம் மறந்துபோனதால் மனம் ஒரு திருட்டைக் கட்டிக்கொள்கிறது. பழி விழுவது கூடவே இருப்பவர் தலையில். வாதாடாமல் சேர்ந்து தேடுங்கள். அதே போல இன்னொரு பை வாங்கி வைப்பதும் தப்பில்லை.

வீட்டுக்குத் தெரியாமல் இவர்கள் கிளம்பிவிட்டால், கரிசல் காட்டில் பெரிய பயம், சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. டீக்கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் விஷயத்தைச் சொல்லிவைக்க வெட்கம் எதற்கு? சட்டைப்பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

"வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஒன்றிரண்டு நாளில் திடீரெனக் குழம்பினால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். தாமதிக்காமல் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். முதியோருக்கான அரசு உதவி எண் 14567.

பொங்கலுக்கு வரும் வெளியூர் மகன், "அப்பா நல்லாத்தானே பேசுறாரு" என்பார். விருந்தாளி முன்னால் கொஞ்ச நேரம் தெளிவாக இருப்பதும் இந்த நோயில் உண்டு. அந்த மகனுக்கு ஒரு வார்த்தை: இரண்டு ராத்திரி அப்பா பக்கத்தில் நீங்கள் படுங்கள். அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் தூங்கட்டும்.