கற்றைவழிக் கம்பியில்லா வலையமைப்பில் தொடக்க அணுகல்

தொடக்க அணுகல் என்பது, இணைப்பு ஏதும் இல்லாத நிலையில் உள்ள ஒரு கைபேசி, தனக்கு எட்டும் கோபுரத்தைக் கண்டுபிடித்து அதனுடன் முதன்முதலாகத் தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளும் செயல்முறை ஆகும். கைபேசியை இயக்கும்போதும், மலைச்சாலை வளைவில் இணைப்பு முற்றிலும் அறுந்து மீளும்போதும் இது நடைபெறுகிறது. முந்தைய தலைமுறை வலையமைப்புகளில் கோபுரம் தன் அறிவிப்பைத் தன் பரப்பு முழுவதற்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பியது. எட்டும் தொலைவில் இருந்த கைபேசி அதைக் கேட்டுக்கொண்டது. 5ஜி உயர் அதிர்வெண்களுக்குச் சென்றபோது அந்த எளிமை போய்விட்டது.

கற்றை எதற்காக?

இந்தியாவில் 2022 ஆம் ஆண்டு நடந்த அலைக்கற்றை ஏலத்தில் 26 கிகாஹெர்ட்சும் இடம்பெற்றது. அதன் அலைநீளம் சுமார் 11.5 மில்லிமீட்டர், 700 மெகாஹெர்ட்சு அலைக்கோ 43 சென்டிமீட்டர். சிற்றலைக்குச் சிறிய ஆன்டெனா போதும். ஆனால் சிறிய ஆன்டெனா பிடிக்கும் ஆற்றலும் சிறிதே. ஆகவே பல ஆன்டெனாக்களை அடுக்குகிறார்கள். வரிசைக்கு 8 என 64 ஆன்டெனாக்கள் ஐந்து சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் அலையைச் சற்றே கட்டம் மாற்றிக் கொடுத்தால், ஒரு திசையில் அலைகள் ஒன்றுசேர்ந்து வலுப்பெறும். மற்றத் திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இவ்வாறு உருவாகும் குவிந்த அலையே கற்றை. பலகை அசைவதில்லை, கற்றை மட்டும் திரும்புகிறது.

நீலகிரி மாணவர்கள் இதை நேரிலேயே காணலாம். உதகைக்கு அருகே முத்தோரையில் 1970 இல் அமைக்கப்பட்ட வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. கிழக்கு மேற்காக அதை இயந்திரம் சுழற்றுகிறது. வடக்கு தெற்காகப் பார்வையைத் திருப்புவது அதிலுள்ள 1056 இருமுனை ஆன்டெனாக்களின் கட்ட மாற்றமே.

இடையே ஒன்று: எங்கள் நடுவட்டத்தில் சிக்னல் போனால் மூடுபனி மீது பழி போடுவது வழக்கம். 26 கிகாஹெர்ட்சில் கூட மூடுபனியால் ஏற்படும் இழப்பு மிகக் குறைவு. கனமழை, மரங்களின் இலைகள், மலைமுகடு, கைபேசியைப் பிடித்திருக்கும் நம் கை ஆகியவையே உண்மையான தடைகள்.

தேடலின் சிக்கல்

கோபுரம் தன் அறிவிப்பை மட்டும் பழையபடி அகலமாகப் பரப்பினால் ஆற்றல் சிதறி, அது கொஞ்ச தூரமே செல்லும். குவிந்த கற்றையால் எட்டக்கூடிய தொலைவில் ஒரு கைபேசி இருந்தாலும், அங்கே கோபுரம் இருப்பதே அதற்குத் தெரியாது. எனவே வலையமைப்பின் உண்மையான எல்லை, அதன் முதல் அறிவிப்பு சென்று சேரும் எல்லைதான். வேகத்தைப் பற்றி விளம்பரம் செய்பவர்கள் இதைப் பேசுவதில்லை.

அதனால் 5ஜி-யில் அறிவிப்பும் கற்றை வழியாகவே செல்கிறது. இரவில் மேட்டில் நிற்கும் ஒருவர் டார்ச் விளக்கைத் திசைதிசையாகத் திருப்புவதுபோல, கோபுரம் ஒத்திசைவுத் தொகுதி எனப்படும் சிறு அறிவிப்பை ஒவ்வொரு திசையிலும் அனுப்புகிறது. மில்லிமீட்டர் அலைகளில் இத்தகைய தொகுதிகள் 64 வரை இருக்கலாம். ஒரு சுற்று முழுவதும் 5 மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். முதல் தேடலில் இச்சுற்று 20 மில்லிநொடிக்கு ஒருமுறை வரும் என்று கைபேசி எடுத்துக்கொள்கிறது. கைபேசியும் திசை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். அதற்கு 8 திசைகள் என்றால், சோதிக்க வேண்டிய இணைகள் 512. நேரம் 160 மில்லிநொடி. அறிவிப்பு எந்த அதிர்வெண்ணில் வருகிறது என்பதும் தெரியாவிட்டால் இது பல மடங்காகும்.

கேட்ட கைபேசி பதில் சொல்வதில் ஒரு நயமான ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு கற்றைக்கும் பதிலளிக்கத் தனி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கைபேசி தனக்கு வலுவாகக் கேட்ட கற்றையின் நேரத்தில் ஒரு முன்குறியை அனுப்புகிறது. அது வந்த நேரத்தைக் கொண்டே, கைபேசி எந்தத் திசையில் உள்ளது என்று கோபுரம் அறிந்துகொள்கிறது. கைபேசி திசையைச் சொல்ல வேண்டியதே இல்லை. இரு கைபேசிகள் ஒரே முன்குறியைத் தேர்ந்தெடுத்தால் மோதல் ஏற்படும். வகுப்பில் இருவர் ஒரே நேரத்தில் "உள்ளேன் ஐயா" என்றால் ஆசிரியர் பெயர் சொல்லி உறுதி செய்வதுபோல, பின்வரும் செய்திகளில் அது தீர்க்கப்படுகிறது.

மேம்படுத்தும் வழிகள்

முதலில் தோன்றும் வழி படிநிலைத் தேடல். 64 திசைகளை 8 அகலக் கற்றைகளாகப் பிரித்து, கைபேசி இருக்கும் ஒன்றைக் கண்டபின் அதற்குள் 8 குறுகிய கற்றைகளைச் சோதித்தால் 16 சோதனைகள் போதும். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அகலக் கற்றையின் வலு எட்டில் ஒரு பங்காகிவிடுவதால், தொலைவில் உள்ளவர் முதல் படியிலேயே விடுபடுகிறார். பக்கத்தில் இருப்பவருக்கு விரைவு, ஓரத்தில் இருப்பவருக்கு ஒன்றுமில்லை. சிதறிக் கிடக்கும் எஸ்டேட் குடியிருப்புகளுக்கு இது ஏற்ற வழி என்று எனக்குத் தோன்றவில்லை.

தாழ்ந்த அதிர்வெண்ணில் முதலில் இணைந்து, உயர் அதிர்வெண் கற்றையை எங்கே, எப்போது தேடுவது என்று அங்கிருந்து கேட்டறிவது நடைமுறையில் பயன்தரும் வழி. 2020 இல் நிறைவடைந்த 16 ஆம் பதிப்புத் தரம், நான்கு செய்திகளில் நடந்த அணுகலை இரண்டில் முடிக்கவும் வழி செய்தது. சில கற்றைகளை மட்டும் அளந்து மற்றவற்றை இயந்திரக் கற்றலால் ஊகிக்கும் முறையை 18 ஆம் பதிப்பு ஆராய்ந்தது. சமவெளியில் கற்ற ஊகம் மலையில் பலிக்குமா என்பது தனிக் கேள்வி.

இன்னொரு வழி, ஒரே நேரத்தில் பல திசைகளில் கேட்பது. முத்தோரைத் தொலைநோக்கி 12 கற்றைகளில் ஒருசேரக் கேட்கக்கூடியது. கைபேசியிலும் ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் தனி வாங்கி இருந்தால் இது இயலும், பேட்டரிதான் தாங்காது. கோபுரத்தைக் கண்டுபிடிப்பதற்குத் துல்லியமான அளவீடு தேவையில்லை என்பதால், மின்சாரம் குறைவாக எடுக்கும் எளிய எண்மமாக்கிகளை அதற்குப் பயன்படுத்தலாம் என்கிறது ஓர் ஆய்வுத் துறை.

இத்தகைய எண்ணங்களைச் சோதிக்க, சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் எட்டு நிறுவனங்கள் உருவாக்கிய 5ஜி சோதனைத்தளம் 2022 மே 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. நம் கைபேசிகளில் இன்று பெரும்பாலும் இயங்கும் 3.3 கிகாஹெர்ட்சு 5ஜி-யில் அறிவிப்புக் கற்றைகள் அதிகபட்சம் 8 தான். ஆகவே தேடல் இலகுவானது. ஆனால் கோபுரம் எட்டாத பள்ளத்தில் கைபேசி தேடலை நிறுத்துவதில்லை. காலையில் முழுதாக ஏற்றிய பேட்டரி, தேயிலை பறித்துத் திரும்பும் மாலைக்குள் தீர்ந்து கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.