புது செயற்கைக்கோள் வந்தாச்சு... மழைக் கணிப்பு துல்லியமாகுமா?

‘நாளைக்கு மருந்து அடிக்கலாமா, வேண்டாமா?’

ஐப்பசி, கார்த்திகையில் சம்பா விவசாயிகள் தினமும் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. அடித்த மருந்து இலையில் காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டால், மருந்துச் செலவும் ஆள் கூலியும் வாய்க்காலோடு போய்விடும். மழைக்குப் பயந்து நான்கு நாள் தள்ளிப்போட்டால் புகையான் முந்திக்கொள்ளும். அறுவடை முடித்து, கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டி வைத்துக் காத்திருப்பவர்களுக்கு வானத்தைப் பார்த்தாலே அடிவயிறு கலங்கும். செல்போனில் செயற்கைக்கோள் படம் பார்ப்பது பழகிப்போன இந்தக் காலத்தில், ‘மேலே இத்தனை கோள் இருந்தும் கணிப்பு தப்பிப்போகிறதே, ஏன்?’ என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

இதற்கான பதிலில் ஒரு பகுதி, வானத்தில் 2024-ம் ஆண்டு நடந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது.

அந்த ஆண்டு பிப்ரவரி 17-ம் தேதி மாலை 5.35 மணிக்கு, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி எஃப்-14 ராக்கெட், இன்சாட்-3டிஎஸ் என்ற 2,274 கிலோ எடையுள்ள வானிலைச் செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு கிளம்பியது. மொத்தச் செலவையும் மத்திய புவி அறிவியல் அமைச்சகம் ஏற்றுக்கொண்டது. ஜி.எஸ்.எல்.வி ராக்கெட்டுக்கு ‘குறும்புக்காரப் பையன்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. 2010-ல் இரண்டு முறை, 2021-ல் ஒரு முறை என்று கைவிட்ட வரலாறு அதற்கு இருக்கிறது. இந்த முறை குறும்பு எதுவும் செய்யவில்லை. மார்ச் 7-ம் தேதி முதல் படங்கள் வந்து சேர்ந்தன.

ஓடிக்கொண்டிருப்பதை ஏன் மாற்ற வேண்டும்?

வானிலைச் செயற்கைக்கோள் பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றுகிறது. அதனால் எப்போதும் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் இருக்கும். அங்கே நிலைகுலையாமல் நிற்க, அவ்வப்போது கொஞ்சம் எரிபொருள் செலவழிக்க வேண்டும். அது தீர்ந்தால் ஊற்றிவிட்டு வர வழியில்லை. கருவிகளுக்கும் வயதாகும். பழுது பார்க்க மெக்கானிக் போக முடியாத இடம் அது.

2013 ஜூலை 26-ல் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட இன்சாட்-3டி, ஏழு ஆண்டு ஆயுளுக்கென்று வடிவமைக்கப்பட்டது. புதியது கிளம்பிய நாளில் அது பதினோராவது ஆண்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தம்பி இன்சாட்-3டிஆர், 2016 செப்டம்பர் 8-ல் போனது. ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்கு ஒரு படம் எடுக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி எடுக்கவைத்தால், கால் மணி நேரத்துக்கு ஒரு படம் கிடைக்கும். ஒன்று நின்றுபோனால் மறுபடி அரை மணி நேரம்தான். இந்தக் கால் மணி நேர வித்தியாசம் டெல்லியில் இருப்பவர்களுக்குச் சின்னதாகத் தெரியலாம். சித்திரை, வைகாசியில் உச்சிவெயில் சாய்ந்த பிறகு திரளும் இடிமேகம், அந்த அரை மணி நேரத்துக்குள் வளர்ந்து, வாழைத்தோட்டத்தைச் சாய்த்துவிட்டுப் போய்விடும்.

பழையது விழுவதற்குள் புதியது தயாராக இருக்க வேண்டும் என்பதை இந்தியா ஆரம்பத்திலேயே பட்டுத் தெரிந்துகொண்டது. 1982 ஏப்ரலில் அனுப்பிய இன்சாட்-1ஏ, அதே ஆண்டு செப்டம்பரிலேயே செயலிழந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க விண்கலத்தில் இன்சாட்-1பி போகும்வரை அந்த இடம் காலி.

பழைய தராசு, புதுத் தராசு

புதியது மேலே போனதும் பழையதை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கிவிட முடியாது. மாற்றத்தில் மிகவும் சிக்கலான பகுதியே இதுதான்.

செயற்கைக்கோள் மழையை நேரடியாக அளப்பதில்லை. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை அகச்சிவப்புக் கதிர் வழியாக அளக்கிறது. உச்சி குளிரக் குளிர, மேகம் உயரமாக வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை வைத்துத்தான் இவ்வளவு மழை பெய்திருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். புதுக் கருவி பழையதைவிட ஒரு டிகிரி கூடக்குறையக் காட்டினால், அந்த மழைக் கணக்கும் மாறிப்போகும். நெல் மண்டியில் பழைய தராசை எடுத்துவிட்டுப் புதுத் தராசு வைக்கிறார்கள் என்றால், ஒரே மூட்டையை இரண்டிலும் நிறுத்துப் பார்க்கத்தானே வேண்டும்? இங்கேயும் அதுதான். பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் ஒரே மேகத்தைப் பார்த்துச் சொல்லும் அளவுகளை ஒப்பிடுவார்கள். துருவங்கள் வழியாகச் சுற்றும் ஐரோப்பாவின் மெட்டாப் செயற்கைக்கோளில் மிக நுட்பமான அகச்சிவப்புக் கருவி இருக்கிறது. அது நம் பகுதியைக் கடக்கும் நேரத்தில் சொல்லும் அளவோடும் சரிபார்ப்பார்கள்.

இந்த வேலையை அவசரத்தில் முடித்தால், ஆராய்ச்சிக்குத்தான் பெரிய அடி. பத்து, இருபது ஆண்டுகளுக்கான கடல் வெப்பநிலை, நில வெப்பநிலைப் பதிவுகளை வைத்துத்தான் பருவமழையின் போக்கை ஆராய்கிறார்கள். கோள் மாறிய வருஷத்தில் கணக்கு திடீரென்று எகிறினால், அது கடல் சூடானதாலா, கருவி மாறியதாலா என்று பிரிக்கவே முடியாமல் போகும்.

இன்சாட்-3டிஎஸ்ஸில் இருப்பவை பெரும்பாலும் முந்தைய இரண்டு கோள்களின் வடிவமைப்பில் உருவான கருவிகளே. ஆறு அலைவரிசைப் படக்கருவி ஒன்று, உயரத்துக்கு உயரம் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் பத்தொன்பது அலைவரிசைக் கருவி ஒன்று. மொபைல் சிக்னல் எட்டாத இடங்களில் உள்ள தானியங்கி மழைமானிகளின் தகவலை வாங்கி அனுப்பும் வசதியும், கடலில் ஆபத்தில் சிக்கியவர்களின் அபாயக்குறியைப் பிடிக்கும் வசதியும் இதில் உண்டு. ஜப்பானின் ஹிமாவரி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, பதினாறு அலைவரிசைகளில் படம் எடுக்கிறது. அதன் பக்கத்தில் வைத்தால் நம்முடையது ஒரு தலைமுறை பின்தங்கியதுதான். அதே வடிவமைப்பு என்பதால் பழைய பதிவுகளோடு இழையறாமல் சேரும் என்பது நமக்குக் கிடைத்த லாபம். அலைவரிசைகள் கூடிய அடுத்த தலைமுறைக்கு இந்தியா தாவும்போது, இந்தச் சரிபார்ப்பு வேலை இன்னும் கடினமாகும்.

வெள்ளையெல்லாம் மழையல்ல

செல்போனில் படம் பார்க்கும் விவசாயிகள் அடிக்கடி ஏமாறும் இடங்கள் சில உண்டு. அகச்சிவப்புப் படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவதெல்லாம் மழைமேகம் இல்லை. மிக உயரத்தில் பஞ்சைப் பிரித்துப்போட்டதுபோல் பரவும் மெல்லிய மேகமும் குளிர்ந்திருப்பதால் வெள்ளையாகவே தெரியும். அதிலிருந்து வயலுக்கு ஒரு சொட்டு வராது. வடகிழக்குப் பருவமழையில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். விடியற்காலையில் கடலோர மாவட்டங்களில் கொட்டும் மழை, சில நேரம் உயரம் குறைந்த மேகத்திலிருந்து வரும். உச்சி அவ்வளவாகக் குளிராததால் படத்தில் மங்கலான சாம்பல் நிறம்தான் தெரியும். அந்த நேரத்தில் சென்னை, காரைக்கால் ரேடார் படம்தான் கைகொடுக்கும். ரேடார் மேகத்துக்குள் இருக்கும் மழைத்துளியையே பார்க்கிறது.

படத்தின் மேலே போட்டிருக்கும் நேரத்திலும் கவனம் தேவை. அது பெரும்பாலும் உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம். 12.00 என்று இருந்தால் அது நண்பகல் படமல்ல, மாலை 5.30 மணிப் படம். இதைக் கவனிக்காமல் ‘மேகம் இன்னும் வரவில்லை’ என்று நினைப்பதும், கலைந்துபோன மேகத்துக்குப் பயப்படுவதும் நடக்கின்றன. ஒற்றைப் படத்தை நம்புவதைவிட, நான்கைந்து படங்களை வரிசையாக ஓடவிட்டு, மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது, வளர்கிறதா தேய்கிறதா என்று பார்ப்பது நல்லது.

‘பக்கத்து ஊரில் பெய்தது, எங்கள் ஊரில் பெய்யவில்லையே’ என்பவர்களுக்கு ஒரு கணக்கு. அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி என்பது நான்குக்கு நான்கு கிலோமீட்டர், அதாவது சுமார் 4,000 ஏக்கர். அத்தனை ஏக்கருக்கும் சேர்த்து ஒரே நிறம், ஒரே எண். பகலில் மட்டும் கிடைக்கும் சாதாரண ஒளிப்படத்தில் ஒரு புள்ளி ஒரு கிலோமீட்டர். அதுவே கிட்டத்தட்ட 250 ஏக்கர்.

வரப்பு வரை வருமா?

செயற்கைக்கோளால் பெரிய பலன் கடலில்தான். வங்கக்கடலின் நடுவே மழைமானி வைக்க முடியாது. அடுத்தடுத்த படங்களில் மேகம் நகர்ந்த தூரத்தைக் கணக்கிட்டு, அங்கே காற்று எந்தத் திசையில், என்ன வேகத்தில் வீசுகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். அந்த எண்கள் கணினி மாதிரிகளுக்குள் போய், நான்கு நாளைக்கு முன்பே புயல் எச்சரிக்கையாக வெளியே வருகின்றன. ஆனாலும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடந்த பிறகு நகராமல் அங்கேயே நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ மழை. புயல் எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எவ்வளவு நேரம் நிற்கும், எந்த ஊரில் எவ்வளவு கொட்டும் என்பதுதான் பிடிபடாமல் போனது.

இன்னொரு சிக்கல் தரையில் இருக்கிறது. வானிலைக் கணிப்பை ‘இந்த வாரம் உரம் வைக்காதீர்கள், வடிகாலை வெட்டி வையுங்கள்’ என்று மாவட்டத்து மொழியில் சொல்லிவந்தவை, வேளாண் அறிவியல் நிலையங்களில் இயங்கிய மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள். நாடு முழுக்க 199 இருந்தன. அவற்றை அந்த நிதியாண்டோடு மூடிவிட உத்தரவு வந்தது 2024 ஜனவரியில். அடுத்த மாதம்தான் புதிய செயற்கைக்கோள் மேலே போனது. அதே ஆண்டு அக்டோபரில் ஊராட்சி அளவிலான வானிலைக் கணிப்பு தொடங்கப்பட்டது உண்மை. எண்கள் ஊராட்சி வரை வந்துவிட்டன. அந்த எண்ணைப் பார்த்து, பால் பிடிக்கும் பருவத்தில் இருக்கும் பயிருக்குத் தண்ணீர் கட்டலாமா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாத மாவட்டங்கள் கூடிவிட்டன.

இப்போதைக்கு, செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கையை ‘மேகதூத்’ செயலியில் பார்க்கலாம். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் வேளாண் வானிலைப் பிரிவு இயங்குகிறது. இடி இடிக்கும் நாளில் வயலில் ஆள் இறக்குபவர்கள் ‘தாமினி’ செயலியையும் வைத்துக்கொள்ளலாம். அது செயற்கைக்கோளை நம்பியதல்ல. தரையில் உள்ள உணர்கருவிகள் மூலம், இருபது, நாற்பது கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் வெட்டுவதைக் காட்டும்.