5,900 ரூபாய் மிக்சியில் ஜிஎஸ்டி எவ்வளவு? 1,062 என்றால் கணக்கு தப்பு!

சேலம் மாவட்டம் மேச்சேரியின் பெயரிலேயே ஒரு செம்மறி ஆட்டு இனம் இருக்கிறது. சந்தையில் உயிருள்ள ஆடு வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது. அதே ஊர்க் கடைவீதியில் மிக்சி வாங்கினால் 18% வரி. ஆனால், இரண்டு இடத்திலும் பலர் சறுக்குவது ஒரே கணக்கில்தான். மொத்தத் தொகை தெரியும், சதவீதமும் தெரியும். அந்தச் சதவீதம் சேர்வதற்கு முன்பு இருந்த தொகை எவ்வளவு?

எங்கே தப்பு நடக்கிறது?

ஒரு மிக்சி விலை, வரியெல்லாம் சேர்த்து 5,900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். “18% தானே, கழிச்சுட்டா போச்சு” என்று பலரும் போனில் தட்டுவார்கள். 5,900-இல் 18% என்பது 1,062. கழித்தால் 4,838. இதுதான் வரிக்கு முந்தைய விலை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

சரியான விடை 5,000 ரூபாய். வரி 900 ரூபாய்தான். அதாவது மத்திய ஜிஎஸ்டி 450, மாநில ஜிஎஸ்டி 450.

ஏன் இந்த வித்தியாசம்? வரி போட்டது 5,000 ரூபாய்க்கு. நாம் கழித்ததோ 5,900 ரூபாயில். வரிப் பணத்துக்கும் சேர்த்து வரி எடுத்துவிட்டோம்.

‘நூத்துக்கு’ என்று சொல்லிப் பாருங்கள்

‘18 சதவீதம்’ என்று சொல்லும்போது எதற்கு 18 என்பது மறந்துபோகிறது. நம்மூர்ப் பேச்சில் ‘நூத்துக்கு பதினெட்டு’ என்போம். விடை அதிலேயே இருக்கிறது. 100 ரூபாய் பொருள் வரியோடு 118 ஆகிறது. அப்படியென்றால், கையில் இருக்கும் மொத்தத்தில் எத்தனை 118 இருக்கிறது என்று பார்த்தால் போதும். 5,900-ஐ 118-ஆல் வகுத்தால் 50. ஐம்பது நூறு, 5,000.

போனில் இன்னும் சுலபம். 5900-ஐ 1.18-ஆல் வகுங்கள். 5% வரி என்றால் 1.05-ஆல் வகுங்கள்.

மத்திய ஜிஎஸ்டி விதிகள் 2017-இல் விதி 35 சொல்வதும் இதைத்தான். வரி சேர்ந்த தொகையை வரி விகிதத்தால் பெருக்கி, 100-உடன் அந்த விகிதத்தைக் கூட்டிவரும் எண்ணால் வகுத்தால் வரி கிடைக்கும்.

ஓட்டல் பில்லுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 5% வரி சேர்ந்த தொகையை 21-ஆல் வகுத்தால் வரி வந்துவிடும். பில் 420 ரூபாயா? வரி 20, சாப்பாடு 400. இன்னொன்றையும் கவனியுங்கள்: காம்போசிஷன் திட்டத்தில் உள்ள கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது.

யாருக்கு நஷ்டம்?

900 ரூபாய் வரிக்குப் பதிலாக 1,062 என்று கணக்கெழுதும் கடைக்காரர், ஒரு மிக்சிக்கு 162 ரூபாயைத் தன் லாபத்திலிருந்து கொடுக்கிறார். பத்து மிக்சி விற்றால் 1,620 ரூபாய் போச்சு.

வாங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு 2025 செப்டம்பர் 22-இல் தேவைப்பட்டது. அன்று முதல் பல பொருட்களுக்கு ஜிஎஸ்டி குறைந்தது. ஷாம்பு, டூத்பேஸ்டுக்கு 18% வரி 5% ஆனது. “அப்போ விலை 13% குறையணுமே?” என்று கேட்டவர்கள் ஏராளம். வரிக்கு முந்தைய விலை மாறாவிட்டால், 118 ரூபாய் பொருள் 105 ஆகும். குறைவது 13 ரூபாய்; ஆனால் அது 118-இல் 13. கிட்டத்தட்ட 11% தான்.

மற்ற பொருட்களுக்கும் இதே கதைதான்:

• நெய், வெண்ணெய் (12%-லிருந்து 5%): விலை குறைய வேண்டியது 6.25%
• ஏசி, 350 சிசி வரையிலான பைக் (28%-லிருந்து 18%): சுமார் 7.8%
• தனிநபர் மருத்துவக் காப்பீடு (18%-லிருந்து 0%): சுமார் 15.25%

இந்த அளவு தெரிந்தால், கடைக்காரர் மீது வீணாகச் சந்தேகப்படவும் வேண்டாம். குறைய வேண்டியது குறையாதபோது ஏமாறவும் வேண்டாம்.

சம்பளம், தள்ளுபடி, ஆடு

ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 10% டிடிஎஸ் போக வங்கிக் கணக்கில் 45,000 ரூபாய் வந்திருக்கிறது. உண்மையான கட்டணம் எவ்வளவு? 10% கூட்டி 49,500 என்று எழுதினால் தப்பு. நூறில் பத்து போய் மிச்சம் 90 தான் வந்திருக்கிறது. எனவே 0.90-ஆல் வகுக்க வேண்டும்: 50,000 ரூபாய். வருமான வரிக் கணக்கில் வருமானமாகக் காட்ட வேண்டியது இதைத்தான். பிடித்த 5,000 ரூபாயை, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம்.

தள்ளுபடிக்கும் இதே வழி. 20% தள்ளுபடி போக 1,200 ரூபாய் கொடுத்த சட்டையின் பழைய விலை 1,440 அல்ல, 1,200-ஐ 0.80-ஆல் வகுத்தால் வரும் 1,500.

மறுபடி சந்தைக்கு வருவோம். “நூத்துக்கு இருவது லாபம் வச்சு பன்னெண்டாயிரத்துக்கு ஆட்டை வித்தேன்” என்கிறார் ஒருவர். வாங்கிய விலை 9,600 அல்ல, 12,000-ஐ 1.20-ஆல் வகுத்தால் 10,000.

எப்படிச் சரிபார்ப்பது?

கண்டுபிடித்த தொகையோடு அதே சதவீதத்தை மறுபடி கூட்டுங்கள். 5,000-உடன் 18% கூட்டினால் 5,900 வந்துவிடும். 4,838-உடன் கூட்டினால் 5,708 ரூபாய் 84 காசில் நின்றுவிடும். தள்ளுபடி, டிடிஎஸ் என்றால் கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்துப் பாருங்கள். பில்லில் உள்ள மொத்தம் வராவிட்டால், கழிக்கக் கூடாத இடத்தில் கழித்திருக்கிறோம், அல்லது கூட்டக் கூடாத இடத்தில் கூட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். பணம் கொடுக்கும் முன் பத்து விநாடியில் இதைப் பார்த்துவிடலாம்.