வலி நின்றதும் ஏமாந்தேன்!

பட்டாசு ஆலை வேலையை நம்பி இருக்கிற வீட்டில், எந்தச் செலவையும் தீபாவளி வரை தள்ளிப் போடுவதுதான் வழக்கம். எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோதும் அப்படித்தான். கிராம்பை வைத்து அமுக்கி, கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளித்தேன். ஒரு நாள் வலி தானாகவே நின்றுவிட்டது. “பாத்தியா தாயி, கிராம்பு கேட்ருச்சு” என்றார் அத்தை. நானும் நம்பினேன்.

பத்தே நாளில் கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியவில்லை. சிவகாசிக்கு ஓடினோம். எக்ஸ்ரே பார்த்த டாக்டரம்மா, “குணமாகி வலி நிக்கலம்மா. உள்ளே நரம்பு செத்துப் போனதால தெரியல. சீழ் வேர் வரைக்கும் இறங்கிருச்சு” என்றார்.

“பிடுங்கிரலாமா?” என்றேன். வேர் உறுதியாக இருப்பதால் காப்பாற்றலாம் என்று, வீக்கம் வடிந்ததும் ‘ரூட் கேனால்’ செய்தார். மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கம்பி போன்ற கருவியால் வேருக்குள் சுத்தம் செய்து, ரப்பர் மாதிரி ஒன்றை வைத்து அடைத்தார். மூன்று தடவை போனேன். பயந்த அளவுக்கு வலி இல்லை.

“இந்தப் பல் சீக்கிரம் உடையும், கேப் போடாம விட்றாதீங்க” என்றார். தீபாவளிக்கு எனக்குச் சேலை எடுக்கவில்லை. போனஸ் பணத்தில் கேப் போட்டுக்கொண்டேன். சொத்தை சின்னதாக இருந்தபோதே போயிருந்தால், வெறும் அடைப்போடு முடிந்திருக்கும்.

சகோதரிகளே, பல்வலி தானாக நின்றால் சந்தோஷப்படாதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்!

– ஒரு வாசகி, தாயில்பட்டி.