அறுந்த இணைப்பும் ஸ்பானிய மொழியும்

பிறமொழி கற்கப் புகுவார்க்கு முதற்பாடத்தில் வணக்கமும் நலம் உசாவலும் கற்பிக்கப்படுகின்றன. ஆயின் இக்காலத்தில் அயல்நாட்டாரோடு நாம் உரையாடுவது பெரும்பாலும் இணையத்தின் வழியேயாம். நடுவே இணைப்பு அறுமாயின், நலம் உசாவுஞ் சொற்கள் அங்கே உதவா. "என் குரல் கேட்கிறதா?" என்று வினவத் தெரியாதவன் நூறு சொற் கற்றும் ஊமையேயாவான். ஆதலின் இணைப்புக் குறையைச் சொல்லுந் தொடர்களை முதலிற் கற்பது நன்று. தமிழ் பயில்வார்க்குப் பிறமொழிக் கதவு அடைபட்டதென்று கருதுவாரும் உளர். அக்கருத்துப் பொருந்தாதென்பதை இத்தொடர்களே காட்டும்.

ஸ்பானியம் 20 நாடுகளில் அரசு மொழி. பழைய மகாபலிபுரச் சாலை அலுவலகங்களிற் பணிபுரிவார் பலர் அயல்நாட்டாரோடு நாள்தோறும் பேசுகின்றனர். இணைப்பறுதலும் நமக்குப் புதிதன்று. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் வீசியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் பெருமழை பெய்தபோதும், தாம்பரம், முடிச்சூர், வேளச்சேரி முதலிய இடங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் தடைப்பட்டமையை யாவரும் அறிவர்.

முதலில் ஒலிகளைக் காண்போம். 'நோ தெங்கோ செஞால்' என்பது 'என்னிடம் அலைக்குறி இல்லை' என்னும் பொருட்டு. 'கொந்த்ராசெஞா' என்பது கடவுச்சொல். இவற்றில் வரும் ஞகரம் நமக்கு இயல்பான ஒலி. 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெறோ' என்றால் 'நாய்'. ரகர றகர வேறுபாட்டைப் பேணுவார்க்கு இதனிற் குழப்பமில்லை.

இனித் தொடரமைதி. 'நோ ஆய் இந்தெர்னெத்' என்றால் 'இணையம் இல்லை' என்பதாம். இதிலுள்ள 'ஆய்' என்னுஞ் சொல் 'உண்டு' எனப் பொருள்படும். ஒன்றாயினும் பலவாயினும் அச்சொல் திரியாது. நம் 'உண்டு' என்பதும் பால்தோறும் வேறுபடாத பொதுவினை அன்றோ?

'எஸ்தா மூய் லெந்தோ' என்பது 'மிக மெதுவாக இருக்கிறது' என்பதைக் குறிக்கும். 'எஸ்தா' என்னும் வினை இப்பொழுதுள்ள நிலையைச் சொல்லும். 'எஸ்' என்பதோ இயல்பைச் சொல்லும். 'எஸ் லெந்தோ' எனின், அவ்விணைப்பு என்றுமே மெதுவானது என்றாகிவிடும். முறையிடுவோன் எது தன் கருத்தென்று தெரிந்து சொல்லல் வேண்டும்.

இவற்றுள் இனியது 'செ மே காயோ லா கொநெக்ஸியோன்' என்பதாம். 'காயோ' என்றால் 'விழுந்தது'. 'மே' என்றால் இங்கே 'எனக்கு'. எனவே, 'எனக்கு இணைப்பு விழுந்துவிட்டது' என்பது பொருள். விழுந்தது இணைப்பு, விளைவை ஏற்றவன் நான். குற்றம் என்மீது சாராது. நான்காம் வேற்றுமையால் 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தெரியும்' என்று வழங்கும் நமக்கு இவ்வமைப்பு எளிது. ஆங்கில வழியாகக் கற்பவர் இதனைப் புதுமையென்று நீள விளக்கங் கேட்பர். தமிழர்க்கோ நான்காம் வேற்றுமை என்ற ஒரு சொல்லே போதும்.

அழைப்பு நின்றுவிடின் 'செ கோர்தோ லா யமாதா' என்க. 'அழைப்பு அறுந்தது' என்பதே பொருள். மீண்டும் இணைந்தவுடன், மதிக்கத்தக்காரை 'மே ஓயெ?' என்றும், தோழனை 'மே ஓயெஸ்?' என்றும் வினவுக. 'நீர்', 'நீ' என்னும் வேறுபாடு நமக்குக் கற்பிக்க வேண்டுவதன்று. முன்பின் அறியாத பணியாளரிடம் பேசும்பொழுது முதலாவதே தகும்.

ஸ்பானியத்தின் உடன்பிறப்பாகிய போர்த்துக்கீசியத்திலிருந்து சாவி, ஜன்னல், மேசை, அலமாரி என்பன முன்னமே நம் இல்லம் புகுந்தன. ஸ்பானியரும் மேசையை 'மேசா' என்பர். அலமாரியை 'அர்மாரியோ' என்பர். ஆகவே முழுதும் அயலான வீட்டிற்குள் நாம் நுழையவில்லை.

மாணவ நண்பர்களே! நாளுக்கு ஒரு தொடராக எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தொடரை உருப்போடுவதோடு நில்லாது, அதன் எழுவாய் எது, வேற்றுமை எது என்று தமிழில் வினவுங்கள். தாய்மொழி இலக்கணத்தை நன்கறிந்தவன் பிறமொழியின் வாயிலில் நெடுநேரம் நிற்க வேண்டுவதில்லை. மழை பெய்து கம்பி அறும் நாளிலும், மறுமுனையில் உள்ளார்க்கு நம் நிலையை அவர்தம் மொழியிலேயே சொல்லும் ஆற்றல் நம்மிடம் இருக்கும்.