கரையில் நிற்கும் படகின் கணக்கு

உழவனுக்கு வயல் எப்படியோ, கடற்றொழிலாளிக்குப் படகு அப்படியே. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, மயிலிட்டி, காரைநகர், நாவாந்துறை, குருநகர், பாசையூர் என யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கரையோரத்தின் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், அடுப்பெரிவதும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் படகு கடலுக்குப் போவதைப் பொறுத்தனவாகவே இருக்கின்றன. அந்தப் படகு ஒரு நாள் பழுதாகிக் கரையில் நின்றுவிட்டால் வீட்டில் எழும் முதற் கேள்வி இதுதான்: நாமே திருத்திக்கொள்வதா, காசு கொடுத்து மெக்கானிக்கை அழைப்பதா?

தானே திருத்தினாற் கூலி மிச்சம் என்பர் ஒரு சாரார். தொழில் தெரிந்தவனிடம் கொடுத்தால் வேலை சுத்தமாக முடியும் என்பர் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் உண்மையுண்டு. ஆயினும் இரு சாராருமே கூலியை மட்டுந்தான் நிறுத்துப் பார்க்கின்றனர். தராசில் வைக்கவேண்டிய வேறு இரண்டும் உள. ஒன்று, படகு கரையில் வீணே நிற்கும் நாள். மற்றொன்று, நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டால் நேரும் உயிராபத்து. இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதே நமது நோக்கம்.

ஓடாவியும் உடையவனும்

மரப்படகுகள் மட்டுமே இருந்த காலத்தில் இக்கேள்விக்குப் பெரிய இடமிருக்கவில்லை. பலகை மாற்றுவதும் வங்குக்கால் பொருத்துவதும் ஓடாவியின் வேலை. பலகைகளின் இடுக்கிற் பஞ்சு திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் கொண்டு அடைக்கும் கலப்பற்று வேலையும், மரத்தைத் துளைக்கும் கடற்புழுவுக்கு அஞ்சி அடிப்பகுதிக்கு எண்ணெயோ தாரோ பூசுவதும் பெரும்பாலும் உடையவனும் அவன் வீட்டாரும் செய்யும் வேலைகள். எது யாருடைய பங்கு என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்த அறிவின் பெருமைக்கு ஒரு சான்று நம் வரலாற்றிலேயே உண்டு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்று, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தில் நிறுத்தினர். அத்தனை நெடிய கடற்பயணத்திற் பாய் கிழிந்தாலும் பலகை கசிந்தாலும் உடனே கைவைக்கவேண்டியவர்கள் கப்பலில் இருந்தவர்களே. கரைக்கு ஆளனுப்பிக் கைவினைஞனை அழைக்கும் வசதி நடுக்கடலில் எவருக்கும் இல்லை.

இயந்திரம் வந்த பின்

1950களில் இலங்கையின் மீன்பிடிப் படகுகளில் இயந்திரம் பொருத்தும் முயற்சிகள் தொடங்கின. பின்னர் கண்ணாடியிழைப் படகுகளும், படகின் பின்புறத்தில் மாட்டும் வெளியிணைப்பு இயந்திரங்களும் பரவலாயின. நோர்வே நாட்டின் உதவியுடன் 1960களின் பிற்பகுதியில் உருவான சீநோர் நிறுவனம், காரைநகரிற் படகுகட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் நடத்தி நம்மவர் பலருக்குத் தொழில் பழக்கியது. போர் அந்த முயற்சியையும் குலைத்துவிட்டது.

இயந்திரம் வந்ததனால் தொலைவிலுள்ள மீனும் கைக்கெட்டியது. ஆனால் உடையவனுக்கு விளங்காத ஒரு பொருளும் அவன் படகில் ஏறிக்கொண்டது. மரத்தின் குறையைக் கண்ணாற் காணலாம். மூடிய இரும்புக்குள் நிகழ்வதைக் காணமுடியாது. திருத்துபவன் உடையவனிடமிருந்து பிரிந்து, தனித்தொழிலாளியானது அப்போதுதான்.

எனினும் காலம் நம்மவரை மீண்டும் கைவேலைக்குப் பழக்கியது. 1990இல் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல், டீசல், மின்கலம் எதுவும் எளிதிற் கிடைக்கவில்லை. பெற்றோலிற் சில துளிகளைக் கொண்டு உந்திவிட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிளை ஓட்டிய அந்த நாட்களை நமது தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள். புதிய உதிரிப்பாகம் இல்லாதபோது பழையதைத் தேய்த்தும் அடைத்தும் பயன்படுத்தும் கலை அன்று வீட்டுக்கு வீடு வளர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையைத் தாக்கிப் படகுகளைச் சிதைத்தபோதும், திருத்தக்கூடிய படகு எது, கைவிடவேண்டியது எது என்று பிரித்தறியும் கண் பெரிதும் தேவைப்பட்டது.

மூன்று கணக்குகள்

இனிச் செலவுக்கு வருவோம். விளக்கத்தின் பொருட்டுச் சில எண்களை வைத்துக்கொள்வோம். உண்மை விலை ஊருக்கும் நாளுக்கும் ஏற்ப மாறும். ஒரு நாள் தொழிலில், எண்ணெய்ச் செலவு போக மிஞ்சுவது 6,000 ரூபா என்க. மெக்கானிக்கின் கூலி 5,000 ரூபா. மாற்றவேண்டிய பாகத்தின் விலை 4,000 ரூபா.

முதற் கணக்கு: மீன் படும் பருவத்தில் இயந்திரத்தின் உட்பாகம் பழுதாகிறது. மெக்கானிக் ஒரே நாளில் முடித்துவிடுகிறார். பாகம் 4,000, கூலி 5,000, இழந்த ஒரு நாள் 6,000. ஆக 15,000 ரூபா. உடையவர் தாமே பிரித்து, தடுமாறி, மூன்று நாளில் முடிக்கிறார். பாகம் 4,000, இழந்த மூன்று நாள் 18,000. ஆக 22,000 ரூபா. 5,000 ரூபாக் கூலியை மிச்சம் பிடிக்கப் போனவர் முடிவில் 7,000 ரூபா கூடுதலாக இழந்துவிட்டார்.

இரண்டாங் கணக்கு: பிளக்கிற் கரி படிந்து இயந்திரம் உயிர்பெற மறுக்கிறது. மெக்கானிக் வேறூரில் வேலையாய் இருக்கிறார். இரண்டு நாள் காத்திருக்க நேர்கிறது. இழந்த நாட்கள் 12,000. வந்து பார்த்ததற்குக் கூலி 2,000. ஆக 14,000 ரூபா. பிளக்கைக் கழற்றித் துடைக்கத் தெரிந்தவருக்கோ அரை மணி நேரமே செலவு. அன்றே படகு கடலிற் போகும்.

மூன்றாங் கணக்கு: ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசிக் கடல் கொந்தளிக்கும் காலம். படகு எப்படியும் கரையில்தான் நிற்கும். அப்போது நாளின் விலை ஏறக்குறைய ஒன்றுமில்லை. பிறரைக் கொண்டு செய்தால் 9,000 ரூபா. தானே செய்தால் 4,000 ரூபா. வேலை தெரிந்தவருக்கு இங்கே தன் கையே தனக்குதவி.

உயர்தர வகுப்பிற் பொருளியல் படிக்கும் மாணவர் ‘அமையச் செலவு’ என்று பாடத்திற் படிப்பது இதனையே. ஒன்றைச் செய்வதற்காக நாம் கைவிடும் மற்றொன்றின் பெறுமதியும் செலவுதான். கூலி பையிலிருந்து போவதால் கண்ணுக்குத் தெரிகிறது. இழந்த நாளோ பைக்கு வராமலே போவதால் தெரிவதில்லை. நகை அடகுக்குப் போகும்போதுதான் அது வீட்டாருக்குப் புலனாகிறது.

தன் கையாற் செய்யத்தக்கவை

ஆகவே, உடையவர் கட்டாயம் கற்றுக்கொள்ளவேண்டியவை பழுதுபார்க்கும் வேலைகளைக் காட்டிலும் பழுது வராமற் காக்கும் வேலைகளே. அவற்றுள் முதலாவது நன்னீர்க் குளிப்பு. கடலால் வந்ததும் இயந்திரத்தின் கீழ்ப்பகுதியை நன்னீர் நிரம்பிய பீப்பாயில் அமிழ்த்திச் சில நிமிடம் ஓடவிட்டால், குளிர்நீர்க் குழாய்களில் தங்கிய உப்பு கழுவுண்டு போகும். நமது கரையோரக் கிணறுகள் பல உவர்நீர்க் கிணறுகள், அந்நீர் இதற்குதவாது. நல்ல கிணற்று நீரைக் கொணர்ந்து பயன்படுத்தல் வேண்டும்.

இரண்டாவது, எண்ணெய் ஒழுங்கு. நமது சிறு படகுகளிற் பல, பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடுவன. நிறுத்துமுன் சிறிது நேரம் மீண்டும் பெற்றோலில் ஓடவிட்டால் மறுநாள் எளிதில் உயிர்பெறும். மண்ணெண்ணெய் பெற்றோலைவிடக் கூடுதலாகக் கரி படியவிடும்; ஆதலாற் பிளக்கை அடிக்கடி கழற்றித் துடைக்கவேண்டும். சீர்கெட்ட இயந்திரம் எண்ணெயை வீணே குடிக்கும். 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, வீணாகும் ஒவ்வொரு லீற்றரும் எவ்வளவு பெரிய செலவென்பதைக் கரையோரம் நன்குணர்ந்தது.

மூன்றாவது, கண்காணிப்பு. இயந்திரம் ஓடும்போது பக்கத்துத் துளையாற் பீறிடும் நீரைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அது நின்றாற் குளிர்நீர் ஏறவில்லை என்பது பொருள். உடனே இயந்திரத்தை நிறுத்தி அடைப்பை நீக்கினாற் சிறு வேலையோடு போகும். “கரைக்குப் போய்ப் பார்ப்போம்” என்று ஓட்டினாற் சூட்டில் உட்பாகம் இறுகி, பெருஞ் செலவு வந்து சேரும்.

படகின் உடலிற் சிறு கீறல் விழுந்தால் அதனை அடைப்பதும் கற்கத்தக்கதே. பழுதான பகுதியைச் சுரண்டி, உப்புப்போகக் கழுவி, முற்றாக உலர்த்திய பின்பே கண்ணாடியிழையையும் றெசினையும் இடவேண்டும். ஈரத்தின்மீது இட்ட ஒட்டு நிலையாது. இறுக்கும் மருந்து மிகுந்தால் வெடிக்கும், குறைந்தால் இறுகாது. அம்மருந்து கண்ணிற் பட்டாற் பார்வைக்கே கேடு. றெசினின் ஆவி எளிதில் தீப்பற்றும். சுருட்டை அணைத்துவிட்டு, பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, காற்றோட்டமான இடத்திற் செய்தல் நன்று.

தொடலாகாதவை

இவ்வளவு தெரிந்தவரும் கை வையாது விடவேண்டியவை உள. கீழ்ப்பெட்டியின் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது; அதன் அடைப்புகளை மாற்ற உரிய கருவியும் கைப்பழக்கமும் வேண்டும். உந்துதண்டு, சுழல்தண்டு, மின்பொறி கொடுக்கும் பாகங்கள் ஆகியவற்றைப் பிரிப்பதும் அவ்வாறே. படகின் அடிமரமோ பின்பலகையோ பிளந்திருந்தால் மேலே ஒட்டுப் போட்டு மறைப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். இயந்திரத்தின் முழுப் பாரத்தையும் உந்துதலையும் தாங்குவது அப்பின்பலகையே.

மெக்கானிக்கைத் தேர்ந்தெடுப்பதிலும் நிதானம் வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லவேண்டும். என்ன பழுது, ஏன் வந்தது என்று கேட்கவேண்டும். நல்ல கைவினைஞர் இக்கேள்விகளால் மனங்கோணமாட்டார். அருகில் நின்று பார்ப்பவருக்கு அவர் பெறும் கூலி ஒரு பாடத்தின் கட்டணமுமாகிறது. அடுத்த முறை அதே பழுது தொடக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியும்.

கடலில் நிற்கும் இயந்திரம்

இதுகாறும் பணத்தைப் பேசினோம். பணத்தாற் கணக்கிட முடியாத ஒன்றும் உண்டு. கரையிலிருந்து வெகுதூரத்தில் இயந்திரம் நின்றாற் காற்றும் நீரோட்டமுமே படகை நடத்தும். பாக்குநீரிணையில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடலெல்லை 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வரையப்பட்டது. அக்கோடு கடலில் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. பழுதான படகு அதனைத் தாண்டினால் உள்ளிருப்பவர் அயல்நாட்டுச் சிறைக்குப் போகவும் நேரலாம். காற்று வேறு திசையில் அடித்தாற் பசியும் தாகமுமே துணை.

ஆதலால் ஒவ்வொரு படகிலும் ஒரு சிறு கருவிப்பெட்டி இருத்தல் வேண்டும். மாற்றுப் பிளக், அதனைக் கழற்றும் சாவி, குறடு, சுழலியின் ஆணி, இழுகயிறு, கைவிளக்கு இவ்வளவும் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கும். துடுப்பும் நங்கூரமும் உயிர்காப்புச் சட்டையும் இயந்திரம் இருக்கின்றதென்று கரையில் விடத்தக்கவை அல்ல. பெட்டி இருந்தாற் போதாது; படகிலேறும் இருவரில் ஒருவருக்கேனும் அதனைக் கையாளத் தெரிந்திருக்கவேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

விலையுயர்ந்த கருவிகளை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவது வீண். நமது கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஊருக்கொரு கருவித் தொகுதியை வைத்து, தேவைப்படுவோருக்கு இரவல் கொடுக்கலாம். வாடைக் காலத்தில் அனுபவமிக்க மெக்கானிக் ஒருவரை அழைத்து, இரண்டு நாட் பயிற்சி நடத்தலாம். இளைஞருட் கைத்திறன் உள்ளோரைச் சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண நிலையம் போன்ற இடங்களுக்கு அனுப்பி, முறையாகத் தொழில் பழகச் செய்யலாம். போரினால் நெடுங்காலம் மக்களுக்கு எட்டாதிருந்து, 2017இல் விடுவிக்கப்பட்டு, 2019இற் புதுப்பித்துத் திறக்கப்பட்ட மயிலிட்டித் துறைமுகம் போன்றவற்றுக்குத் தேவையானவை கல்லாற் கட்டிய அணைகள் மட்டுமல்ல. அங்கே வந்தடையும் படகுகளைத் திருத்தத் தெரிந்த கைகளும் தேவை.

நமது கல்விமுறை மாணவரைப் புத்தகத்துக்கு அருகிலும் கருவிக்கு அப்பாலும் வைத்திருக்கிறது. கடற்றொழிலாளியின் மகன் பல்கலைக்கழகம் புகவேண்டும் என்பதே நமது விருப்பமும். ஆனால் விடுமுறையில் அவன் தந்தையின் அருகிலமர்ந்து ஒரு பிளக்கைக் கழற்றித் துடைக்கப் பழகினால் அவன் படிப்புக்கு ஒரு குறைவும் வாராது. பௌதிகப் பாடத்தின் ஓர் அத்தியாயம் அவனுக்கு எளிதாகும்.

முடிவாகச் சொல்வதாயின், நாள்தோறும் செய்யவேண்டிய பராமரிப்பை எவருக்கும் விடாது உடையவரே செய்க. வாடைக் காலத்துச் சிறு வேலைகளைத் தெரிந்த அளவிற் செய்க. மீன் படும் பருவத்திற் பெரும்பழுது வந்தால் தயங்காது கைதேர்ந்தவரை அழைக்க. மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கூலியைக் கொப்பியில் எழுதும்போது, படகு கரையில் நின்ற நாட்களையும் அதன் பக்கத்திலே எழுதி வருக. ஓராண்டு முடிவில் அக்கொப்பியைப் புரட்டினால், எந்த வேலையைத் தாம் செய்யவேண்டும், எதனைப் பிறரிடம் விடவேண்டும் என்பதை அதுவே சொல்லும்.